எங்கள் வண்டியின் மஞ்சள் விளக்கு

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு எங்கள் தமிழாசிரியை அருட்சகோதரி அவர்கள் கேட்டபோது, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோழியர் சிலர் கல்விச் சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறார்கள். சிலர் தாயன்பைப் பற்றி எழுதுகிறார்கள். இவ்வாண்டு முழுவதும் எங்கள் மனத்தில் நின்றதோ நகக்கண் அளவேயுள்ள ஒரு மஞ்சள் விளக்கு. அதைப் பற்றி எழுதினால் நாங்கள் செய்த தவறு ஒன்றையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். தயக்கத்தோடு இதைச் சொன்னோம். “நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், போதும்” என்றார் அருட்சகோதரி. எழுதுகிறோம்.

நாங்கள் அக்காளும் தங்கையும். பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் எங்கள் ஊர். பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்று பெயர் சொன்னாலும் அந்த ஆலை இருப்பது எங்கள் எறையூரில்தான். அரவைக் காலம் வந்துவிட்டால் ஊர் முழுவதும் பாகு காயும் மணம் வீசும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும். 2022-ஆம் ஆண்டு எங்கள் ஊர் சிப்காட் வளாகத்தில் காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன்பின் ஊருக்கு வருவோர் போவோர் கூடினர். எங்கள் தந்தையாரின் வாடகைக் காருக்கும் சவாரி கொஞ்சம் கூடியது.

அந்தக் கார் புதியதன்று. பிறர் ஓட்டிய வண்டியை அப்பா கடன் பட்டு வாங்கினார். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வண்டி வீட்டுக்கு வந்தது. பங்குத்தந்தை வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர் படம் ஒன்றை அம்மா கண்ணாடிக்கு அருகில் ஒட்டினார். “இதுவும் நம் வீட்டுப் பிள்ளைதான்” என்பார். அந்தப் பிள்ளைக்குத்தான் நோய் வந்தது.

பள்ளி திறந்த ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியின் இடப்பக்கத்து முன் ஷாக் அப்சர்பர் எண்ணெய் கசிந்து கெட்டுவிட்டது. பட்டறைக் கூலியை மிச்சப்படுத்தலாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் வாசல் வேப்பமரத்தடியிலேயே அதை மாற்றினார்கள். சித்தப்பாவுக்கு இத்தகைய வேலைகளில் கைப்பழக்கம் உண்டு. மூத்தவள் டார்ச் விளக்கைப் பிடித்தாள். கழற்றிய நட்டு போல்ட்டுகளைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் வரிசையாக வைப்பது இளையவளின் வேலை. மாலைக்குள் வேலை முடிந்தது. எல்லாரும் கை கழுவிக் காப்பி குடித்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் காரின் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்பா பெரம்பலூரில் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்து, இடது முன் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்றார்கள். 2,400 ரூபாய் கொடுத்துப் புதியது மாற்றினார். விளக்கு அணைந்தது.

நவம்பர் மாதம் அடைமழையில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. அதே பட்டறை, அதே ஸ்கேனர், அதே பதில்: இடது முன் சக்கரம். “புது சென்சார் போட்டும் எரிகிறதென்றால் கண்ட்ரோல் யூனிட்டே போய்விட்டது. 30,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. பட்டறைக்காரர்கள் போலிச் சென்சார் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா ஒருநாள் சொல்வார். மறுநாள் கோபம் சித்தப்பா மேல் திரும்பும். இடையில் ஒருமுறை சித்தப்பா வண்டியை இரவல் வாங்கிக் கரும்புக் கொல்லைக்குப் போகும் மண்பாதையில் ஓட்டியிருந்தார். “பள்ளத்தில் விட்டு அடித்ததால்தான் கெட்டது” என்று அப்பா நேரிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பா, “நான் பள்ளத்தில் விடவே இல்லை, அண்ணா” என்றார். அப்பா நம்பவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டார். ஞாயிறு பூசையில்கூட இருவரும் கோவிலின் இரு பக்கத்தில் நின்றார்கள். “பார்க்காத ஒன்றுக்காகத் தம்பியைப் பழிக்காதீர்கள்” என்று அம்மா சொன்னது காற்றோடு போயிற்று.

இதற்கிடையே கடைத்தெருவில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். “பிரேக் பிடிக்கிறதல்லவா? பிறகென்ன? விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடு. சவாரி வருகிறவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள்.” அப்பா ஒட்டிவிட்டார். ஒட்டும்போது எங்களைப் பார்க்கவில்லை.

டிசம்பர் மாதம், அரவை தொடங்கிய புதிது. மாலையில் அப்பா எங்களைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தார். சிறு தூறல். நெடுஞ்சாலையை விட்டு எறையூர்ச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். சாலையெல்லாம் கரும்புச் சோகையும் டிராக்டர் சக்கரம் இழுத்து வந்த சேறும். வளைவைக் கடந்ததும் எதிரில் பின்விளக்கு இல்லாத ஒரு கரும்பு டிரெய்லர் அசையாமல் நின்றது. அப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். சக்கரங்கள் நின்றுவிட்டன, ஆனால் வண்டி நிற்கவில்லை. பனிக்கட்டி மேல் தட்டு வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டே போயிற்று. அப்பா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். வண்டி திரும்பாமல் நேராகவே சென்றது. “மாதாவே!” என்று நாங்கள் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. வண்டி நின்றபோது டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பின் நுனிகள் எங்கள் முன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

யாருக்கும் காயமில்லை. அப்பா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கறுப்பு டேப்பைத் தம் கையாலேயே பிய்த்தெறிந்தார். அதன் அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் இயற்பியல் வகுப்பு முடிந்ததும் மூத்தவள் ஆசிரியையிடம் காரணம் கேட்டாள். அவர் கரும்பலகையில் ஒரு சக்கரம் வரைந்து விளக்கினார். உருளுகின்ற சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ளும். உருளாமல் பூட்டிக்கொண்ட சக்கரம் சாலையில் தேய்ந்து வழுக்கும். வழுக்குகிற சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஆதலால் சக்கரம் பூட்டப்போகிற தருணத்தை முன்னதாகவே அறிந்து, பிரேக்கின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி, உடனே மீண்டும் இறுக்க வேண்டும். இப்படி ஒரு நொடிக்குள் பத்துப் பதினைந்து முறை செய்வது மனிதர் காலால் ஆகாது. அதைச் செய்யும் கருவிதான் ஏ.பி.எஸ். என்னும் ஆன்டி லாக் பிரேக் அமைப்பு. முதலில் ஆகாய விமானங்கள் தரையிறங்கும்போது வழுக்காதிருக்க இத்தகைய கருவிகள் பயன்பட்டன. 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் கார்களில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயம்.

“இந்த அமைப்புக்கு மூளை ஒன்று, கண்கள் நான்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கண். அதுதான் சென்சார். ஒரு கண் பார்வை இழந்தாலும், தவறான செய்தியை நம்பி நடப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று மூளை விலகிக்கொள்ளும்; மஞ்சள் விளக்கை ஏற்றித் தான் விலகியதைச் சொல்லிவிடும். சாதாரண பிரேக் வழக்கம்போல் வேலை செய்யும். ஆகவே ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது, ஆபத்து வரும் வரை” என்றார் ஆசிரியை. எங்களுக்கு அந்தக் கரும்பு நுனிகள் கண்முன் வந்தன.

அந்தச் சனிக்கிழமை அப்பா வண்டியை உள்ளூரிலேயே ஒரு பெரியவரிடம் கொண்டுபோனார். பல்லாண்டுகள் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நாங்கள் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். கூடப் போக எங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

தாத்தா உடனே பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தோம். அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் கேள்வி கேட்கத் தொடங்கினார். “சாவி போட்ட உடனே விளக்கு எரிகிறதா, ஓடும்போது எரிகிறதா?”

அப்பாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் டேப் ஒட்டிவிட்டவர் அல்லவா! இளையவள் சொன்னாள்: “டேப் ஒட்டுவதற்கு முன்பு நான் தினமும் பார்ப்பேன் தாத்தா. சாவி போட்டதும் எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும். எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பும்போது மறுபடி எரியும். பிறகு பள்ளிக்கூடம் வரை அணையாது.”

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாதி வேலையை இந்தப் பிள்ளை முடித்துவிட்டது” என்றார். சாவி போட்டதும் விளக்கு எரிந்து அணைவது, அமைப்பு தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதன் அடையாளமாம். மூளை கெட்டிருந்தால் பெரும்பாலும் அந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும், விளக்கு அணையாது. ஓடத் தொடங்கியபின், அதுவும் திரும்பும்போது எரிகிறது என்றால், சக்கரத்தோடு சேர்ந்து அசைகிற ஏதோ ஒன்றில்தான் குறை இருக்க வேண்டும்.

“ஸ்கேனர் இடது முன் சென்சார் என்று சொல்கிறதே?” என்றார் அப்பா.

“ஸ்கேனர் கொடுப்பது குற்றப்பத்திரிகை, தம்பி. அது தீர்ப்பு ஆகாது. இடது முன் சக்கரத்திலிருந்து செய்தி வரவில்லை என்றுதான் அது சொல்கிறது. ஏன் வரவில்லை என்று சொல்லாது. சென்சார் கெட்டிருக்கலாம், அதற்கு எதிரே சுழலும் பல்வளையம் உடைந்திருக்கலாம், சேறு அடைத்திருக்கலாம், பேரிங் ஆடலாம், இணைப்பில் தண்ணீர் போயிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். ஒவ்வொன்றாக விசாரிப்போம்.”

முதலில் ஜாக்கி போட்டு முன்பக்கத்தை உயர்த்தி, இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றினார். “கெட்டதைப் பார்க்கும் முன் நல்லதைப் பார்க்க வேண்டும். நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குக் கெட்டது எது என்று தெரியாது” என்று சொல்லி, வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார்.

சக்கர அச்சைச் சுற்றி ஒரு பல்வளையம். அதற்கு எதிரே, மயிரிழை இடைவெளி விட்டு, சுண்டுவிரல் நுனி போன்ற ஒரு கறுப்புத் துண்டு. அதுதான் சென்சார். உள்ளே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றனவாம். பற்கள் எதிரே ஓடும்போது காந்தப்புலம் கூடிக் குறையும். சுருளில் மின்சாரம் பிறக்கும். எங்கள் பாடநூலில் உள்ள மின்காந்தத் தூண்டல்தான் இது! 1831-இல் இதைக் கண்டறிந்த மைக்கேல் பாரடே ஒரு கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். அவருடைய கண்டுபிடிப்பு எங்கள் வாசலில் சேறு படிந்து கிடந்ததை அன்றுதான் அறிந்தோம். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் வேறு வகைச் சென்சார்; அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும், இப்படி ஓம் அளந்து சோதிக்கக் கூடாது என்றும் தாத்தா எச்சரித்தார்.

நாங்கள் பற்களை எண்ணினோம், 48 இருந்தன. டயரைச் சுற்றி நூல் வைத்து அளந்தோம், ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். அதாவது சக்கரம் ஒன்பது சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுழலும். பற்கள் நொடிக்கு 440 தடவைக்கு மேல் சென்சாரைக் கடக்கும். கணக்கு நோட்டில் போட்டுக் காட்டியபோது தாத்தா, “இவ்வளவு காலம் வேலை பார்த்தேன், இதை எண்ணிப் பார்த்ததில்லை” என்று சிரித்தார்.

பின் மல்டிமீட்டரை எடுத்தார். வலப்பக்கச் சென்சாரின் இரு முனைகளுக்கிடையே 1,100 ஓம். இடப்பக்கம் வந்தார். பல்வளையத்தைத் துணியால் துடைத்து ஒவ்வொரு பல்லாக டார்ச் அடித்துப் பார்த்தார், உடைசல் இல்லை. பேரிங்கை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. இணைப்பைக் கழற்றினார், ஈரமில்லை, பாசியில்லை. மீட்டரை வைத்தார். அங்கும் 1,100 ஓம்!

“சென்சார் நன்றாகத்தானே இருக்கிறது!” என்றார் அப்பா. அவர் முகம் வாடிவிட்டது. 30,000 ரூபாய் அவர் கண்முன் நின்றிருக்கும்.

“பொறு தம்பி. இந்தப் பிள்ளை சொன்னதை மறந்துவிட்டாயா? நேராக நிற்கும்போது விளக்கு எரியவில்லையே. இடப்பக்கம் திரும்பும்போதுதானே எரிகிறது? ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும் ஒடி.”

அப்பா ஒடித்தார். நாங்கள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். 1,100 என்ற எண் துடித்தது, மறைந்தது. இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டியது. ஸ்டியரிங்கை நேராக்கினால் மீண்டும் 1,100. மறுபடி ஒடித்தால் மறைவு. மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அப்படியே.

தாத்தா சென்சாரிலிருந்து வரும் கம்பியை விரல்களால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி மடக்கினார். மேலுறை தேய்ந்திருந்தது, ஆனால் கிழியவில்லை. பிளேடால் கீறிப் பிரித்தார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பிடித்து அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. அதற்கு மேலே கந்தலான கறுப்பு டேப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் சென்சாரை மாற்றியவர்கள் கம்பியை அந்த டேப்பால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மழையில் அது அவிழ்ந்துவிட்டது.

“முதல் சென்சாரும் இப்படித்தான் செத்திருக்கும். இப்போது மூன்றாவதாக ஒன்று போட்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் இதுவேதான் நடக்கும். குறையை மாற்றினார்கள், குறை வந்த காரணத்தை மாற்றவில்லை” என்றார் தாத்தா. பிறகு ஷாக் அப்சர்பரில் இருந்த ஒரு தகட்டைக் காட்டினார். அதில் வெறுமையாக ஓர் ஓட்டை இருந்தது. “கம்பி தொங்காமல் பிடித்துக்கொள்ள இங்கே ஒரு ரப்பர் இருந்திருக்க வேண்டுமே. வலப்பக்கம் போய்ப் பாருங்கள், இருக்கும்.”

நாங்கள் வலப்பக்கம் ஓடினோம். இருந்தது. சிறிய, உருண்டையான, நடுவில் துளையும் பக்கத்தில் ஒரு கீறலும் உள்ள கறுப்பு ரப்பர்.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் அந்த ரப்பர் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஜூன் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டில் அது இருந்தது. எறிந்தால் துள்ளாமல் விழுந்த இடத்திலேயே நிற்கும் என்று கண்டு, இளையவள் அதைப் பாண்டி ஆடச் சில்லாக எடுத்துக்கொண்டாள். மூத்தவள் அதைப் பார்த்தாள். “வண்டிச் சாமான்போல் இருக்கிறதே” என்று தோன்றவும் செய்தது. ஆனால் தட்டைக் கவனிக்காததற்கு ஏச்சு விழுமே என்று பேசாதிருந்துவிட்டாள். ஆறு மாதமாக அந்தச் சில்லு எங்கள் வீட்டு வாசலில் கட்டம் கட்டமாகத் தாவிக்கொண்டிருந்தது; இங்கே கம்பி தேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பேசாதிருந்ததில் 2,400 ரூபாய் போயிற்று. சித்தப்பா வீட்டுக்கு வருவது நின்றது. கரும்பு நுனிகள் கண்ணாடியைத் தொட்டன.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டோம். தாத்தா புது ரப்பர் வாங்கிப் போட்டுவிடுவார், யாருக்கும் தெரியாது. எங்களுள் யார் முதலில் அழுதோம் என்பது நினைவில்லை. இளையவள்தான் முதலில் பேசினாள். “அப்பா, அது என் பையில் இருக்கிறது” என்றாள். மூத்தவள், “நான் பார்த்தும் சொல்லவில்லை அப்பா” என்றாள்.

அப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வெகுநேரம் அந்த வெறும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கள் சில்லை மறைத்தீர்கள். நான் விளக்கையே மறைத்தேன். யாரை நான் ஏச?” என்றார். பிறகு, “தம்பியிடம் என்ன முகத்தோடு போவேன்?” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று மாலையே போனார். எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, “பள்ளத்தில் விட்டாய் என்று சொன்னது தப்பு. விசாரிக்காமல் சொல்லிவிட்டேன்” என்றார். சித்தப்பா எதுவும் பேசவில்லை. உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்து அண்ணனுக்குப் போட்டார். எங்கள் பங்கை நாங்கள் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “ரப்பரை மாட்டினோமா என்று அன்றைக்கு நானும்தான் பார்க்கவில்லை. அண்ணா மாட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் மாட்டியிருப்பேன் என்று அண்ணா நினைத்திருப்பார்” என்றார். சித்தி எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்.

மறுவாரம் புதிய சென்சார் வந்தது. கண்ட்ரோல் யூனிட்டுக்குச் செலவு வைக்கத் தேவையில்லாமல் போயிற்று. எங்கள் சில்லை நன்றாகக் கழுவிக் கொடுத்தோம். தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஓரம்தான் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இன்னும் உழைக்கும்” என்று கம்பியில் மாட்டித் தகட்டின் ஓட்டையில் அழுத்தினார். சித்தப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். ஸ்டியரிங்கை இருபுறமும் ஒடித்து, கம்பி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள்.

பின்பு ஸ்கேனரில் பழைய குற்றப்பதிவை அழித்துவிட்டு, எல்லாரும் வண்டியில் ஏறி நெடுஞ்சாலைப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும் வரை போனோம். நான்கு சக்கரங்களின் வேகமும் ஸ்கேனர் திரையில் தெரிந்தது. 20, 20, 20, 20. தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினோம், விளக்கு எரியவில்லை. ஆளில்லாத சரளை மைதானத்தில் அப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். கடகடவென்று ஒரு சத்தம். வண்டி வழுக்காமல் நின்றது. “பெடல் காலுக்கடியில் துடிக்கிறதே!” என்றார் அப்பா. “அது வேலை செய்கிற துடிப்பு. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது; அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும்” என்றார் தாத்தா. வண்டி ஓட்டும் பெற்றோர்கள் இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம். மஞ்சள் விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும், மேலே ஓட்டவே கூடாது என்பதையும் அவர் சொல்லச் சொன்னார்.

ஜனவரி மாதம் இரு குடும்பமும் அந்த வண்டியிலேயே ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலுக்குப் போனோம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய திருத்தலம் அது. அரியலூரை நெருங்கும்போது அப்பா 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ரயில் விபத்தைப் பற்றிச் சொன்னார். மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் அந்த ரயிலை ஓட்டியவருமல்லர், பாலத்தைக் கட்டியவருமல்லர். முன்பெல்லாம் இதைப் பொது அறிவுப் போட்டிக்காகப் படித்து மறந்திருக்கிறோம். இம்முறை நாங்கள் இருவரும் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

இரவு செபத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்ய வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் அருட்சகோதரியர் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அன்று செய்த பிழைகளை அவசரமாக எண்ணிவிட்டு நாங்கள் தூங்கிவிடுவதுண்டு. இப்போது ஒவ்வொரு காலையும் அப்பா சாவியைத் திருப்பும்போது அந்த மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிகிறது; தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, குறையில்லை என்று கண்டு அணைகிறது. அது அணையும் வரை வண்டியில் யாரும் பேசுவதில்லை. அதன்பிறகுதான் அப்பா வண்டியை எடுக்கிறார்.

வாசலில் நாங்கள் இன்னும் பாண்டி ஆடுகிறோம். சில்லுக்கு ஓட்டுத்துண்டு ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறோம்.

— அக்காள், பன்னிரண்டாம் வகுப்பு
தங்கை, எட்டாம் வகுப்பு